எண்டர் தட்டும் அதிகாரம்

சட்டை தைத்து முடித்தால் போட்டுப் பார்க்கலாம். ஒழுகிய குழாயைச் சரிசெய்தால் திருகிப் பார்க்கலாம். முடிந்த வேலை எங்கேயும் ஓடிவிடாது. கண் முன்னால் நிற்கும். நாலு பேர் வந்து நல்லது பொல்லாதது சொல்லிவிட்டுப் போவார்கள். முடிந்த கையோடு முகத்தைக்கூடக் காட்டாமல் ஓடிப்போகிற வேலை ஒன்று உலகத்தில் உண்டு என்பது நம் லிஃப்ட்காரருக்கு அந்த வயது வரை தெரியாது. தெரியவந்தபோது அவருடைய பிழைப்பே அதன் தலைமேல் போய் உட்கார்ந்திருந்தது.

பெரிய அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தவர் அவர். கிராதிக் கதவை இழுத்துச் சாத்துவார், கைப்பிடியைத் திருப்புவார், மாடி வந்ததும் கதவைத் திறந்து, கடைசி ஆள் இறங்கும்வரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நிற்பார். வாயில் ஃபைலைக் கவ்விக்கொண்டு இரண்டு கையிலும் டீக்கோப்பையோடு வருகிறவர்களுக்காகச் சற்றுக் கூடுதலாகவே நிற்பார். அந்தக் கட்டடத்துக்குத்தான் இப்போது, பொத்தானை அழுத்தினால் தானே போய்த் தானே வருகிற லிஃப்ட் வரப்போகிறதாம். கட்டட மேலாளர் அவரைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னதிலேயே லிஃப்ட்காரருக்குப் பாதி புரிந்துவிட்டது.

"கீழ்த்தளத்துல கண்ட்ரோல் ரூம் வருது. கம்ப்யூட்டரைப் பார்த்துக்கிட்டு உக்காரணும். மறுபயிற்சி நிலையத்துல போய்த் தேறி, சான்றிதழ் வாங்கிட்டு வாங்க. அந்த நாற்காலி உங்களுக்குத்தான்."

"தேறலைன்னா சார்?"

"நல்லவிதமா ஒரு பூச்செண்டு குடுத்து அனுப்பி வைப்போம்."

வீட்டில் இதைச் சொன்னதும் அவர் மனைவி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். சலவைக் கடைக்குத் துணி தேய்த்துக் கொடுக்கிறவள் அவள். "அந்தப் பூச்செண்டை வீட்டுக்காரர்கிட்ட குடுத்தா வாடகைக்குக் கழிச்சுப்பாரான்னு கேட்டீங்களா?" என்றாள். அவர் கேட்கவில்லை. மறுநாள் காலையில் நிலையத்தில் போய்ச் சேர்ந்தார்.

'கணினி வருகைக்கான ஆயத்த மறுபயிற்சி நிலையம்' என்பது அதன் முழுப்பெயர். கணினி என்றொரு பொருள் வரப்போகிறது, வருவதற்குள் ஊழியர்களைத் தயார்படுத்த வேண்டும் என்று யாரோ புண்ணியவான் எப்போதோ தொடங்கி வைத்தது. கணினி வந்து, பழசாகி, சின்னதாகி, வாயிற்காவலர் சட்டைப்பையில் ஏறி உட்கார்ந்து பாட்டும் பாடிக்கொண்டிருந்தது. நிலையம் மட்டும் இன்னும் தயார்படுத்திக்கொண்டிருந்தது.

தேர்வு ஒன்றும் மலையைப் புரட்டுகிற காரியமில்லை. ஒரே ஒரு நிரல், அதாவது கம்ப்யூட்டர் புரோகிராம், எழுத வேண்டும். அது திரையில் 'வணக்கம்' என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். லிஃப்ட்காரர் ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டி, நாக்கைக் கடித்துக்கொண்டு அதை எழுதி முடித்தார். ஓட விடுவதற்கு இரண்டு அதிகாரிகள் முன்னிலை வேண்டும் என்பது விதி. திரையில் விடை தெரிந்ததைத் தம் கண்ணால் கண்டு கையெழுத்திடுகிறவர் காட்சி அதிகாரி. நிரல் முழுமையாக ஓடி முடிந்தது என்று கையெழுத்திடுகிறவர் முடிவு அதிகாரி. இரண்டும் இருந்தால்தான் சான்றிதழ்.

லிஃப்ட்காரர் நிரலைத் திறந்தார். திரையில் கறுப்பாக ஒரு ஜன்னல் எட்டிப் பார்த்தது. பார்த்த வேகத்திலேயே மூடிக்கொண்டது.

"முடிஞ்சுது" என்று முடிவு அதிகாரி சரக்கென்று கையெழுத்துப் போட்டார்.

"கண்டீங்களா சார்?" என்று லிஃப்ட்காரர் மற்றவரைக் கேட்டார்.

"எதை?" என்றார் காட்சி அதிகாரி.

மறுபடி ஓட விட்டார்கள். மறுபடியும் அதே கதை. காட்சி அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்; துடைக்கிற நேரத்தில் ஒருமுறை ஓடி முடிந்துவிட்டது. நிரல்மேல் குற்றமில்லை. சொன்ன வேலையைச் செய்தது, வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போயிற்று. அலுவலகப் பழக்கம் தெரியாத பிள்ளை, பாவம்.

"என்னைத் தப்பா நினைக்காதீங்க" என்று காட்சி அதிகாரி தன்மையாகத்தான் சொன்னார். "இந்தப் பதவியில நான் இன்னும் ஒரு கையெழுத்துகூடப் போட்டதில்லை. காணாததைக் கண்டேன்னு எழுத மனசு வருமா? மனசாட்சிக்குப் பயந்தவன் நான். அதனாலதான் என்னை இங்கேயே வச்சிருக்காங்க."

அந்த நிலையத்தில் அதுவரை யாரும் தேறியதில்லை என்பது லிஃப்ட்காரருக்கு அப்போதுதான் தெரிந்தது.

சாயங்காலம் மனைவி விஷயத்தைக் கேட்டுவிட்டு, சிரிக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டாள். "வாழ்நாள் பூரா ஊராருக்குக் கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க. உங்களுக்குன்னு ஒரு ஜன்னல், அது நிக்க மாட்டேங்குதா?"

"சிரிக்காதடி. கையை உள்ள விட்டுப் பிடிக்கிற மாதிரியா இருக்கு அது?"

"சரி சரி, முகத்தைத் தூக்காதீங்க. நாளைக்கு அந்த இயக்குநரையே பாருங்க. வாயிருக்கிற பிள்ளைதான் பிழைக்கும்."

பார்த்தார். இயக்குநர் மனுவை வாங்கிப் படித்தார், கண்கலங்கினார், உடனே ஊழியர்களைக் கூடத்தில் கூட்டிப் பேசினார். பேச்சு என்றால் அவருக்கு அப்படியொரு பிரியம்.

"கணினி வேகமாக இருப்பதை நாம் குற்றம் சொல்லவில்லை. நாம் இவ்வளவு மெதுவாக இருப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே அது வேகமாக இருக்கிறதே, அந்த மரியாதைக் குறைவைத்தான் சொல்கிறோம். இதற்கு ஒரு முடிவு கட்டும் பொருட்டு, இன்று ஒரு குழுவைத் தொடங்குகிறேன்."

அதற்குப் பெயர் இமையாப் பார்வைக் குழு. நூலகர், காசாளர், தோட்டக்காரர் என்று கண் நன்றாக இருக்கிற ஊழியர்களைப் பொறுக்கி எடுத்தார்கள். ஆளுக்கொரு சொட்டு மருந்துக் குப்பி. காலையில் அரைமணி நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு கண் கொட்டாமல் நிற்கிற பயிற்சி. அந்தப் பக்கமாக வந்த தபால்காரர் இவர்களைப் பார்த்துவிட்டு, ஏதோ துக்கம் போலிருக்கிறது என்று தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றாராம்.

குழு தயாரானதும் லிஃப்ட்காரர் நிரலை ஓட விட்டார். மின்னல் வெட்டியது போல் வந்து போயிற்று.

"கறுப்பா இருந்தது" என்றார் நூலகர்.

"வெள்ளையா இருந்தது" என்றார் தோட்டக்காரர். "நம்ம நந்தியாவட்டைப் பூ மாதிரி."

"எனக்கு என் முகம்தான் தெரிஞ்சுது" என்றார் காசாளர். "முடி ரொம்பக் கொட்டிருச்சு. இத்தனை நாளா யாரும் சொல்லவே இல்லையே?"

மூன்று சாட்சியங்களையும் சேர்த்து அறிக்கை தயாரானது: 'கறுமையான பின்னணியில் வெண்மையான ஏதோவொரு மரியாதை தென்பட்டதாகவும், அதில் தலைமுடி குறைவாக இருந்ததாகவும் குழு கருதுகிறது.' காட்சி அதிகாரி அதை இரண்டு முறை படித்தார். பேனாவை எடுத்தார். பிறகு மூடியைக் கழற்றாமலே சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்தபடியாக, மெதுவான கணினி வாங்குவது என்று தீர்மானம் ஆயிற்று. எங்கே விசாரித்தும் கடைக்காரர்கள் வேகமானதையே காட்டினார்கள். கடைசியில் நிலையத்தின் நிலவறையிலேயே ஒன்று கிடைத்தது. அதைத் தூக்கிவர நாலு பேர் வேண்டியிருந்தது. உயிர் கொடுத்ததும் அது இருமியது, முனகியது, யோசித்தது. ஜன்னல் திறப்பதற்குள் எல்லாரும் டீ குடித்துவிட்டு வந்துவிட்டார்கள். திறந்ததா? திறந்தது. வரமாட்டேன் வரமாட்டேன் என்று அடம்பிடித்துக் கடைசியில் வந்த சம்பந்தி, வாசலிலேயே செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டது போல, திறந்த நொடியே சாத்திக்கொண்டது. வருவதில்தான் மெதுவே தவிர, போவதில் அதுவும் சூரப்புலிதான்.

இதற்குள் கட்டடத்தில் புது லிஃப்ட் பூட்டி முடித்திருந்தார்கள். மேலாளர் போனில் பேசினார். "பெரியவரே, கண்ட்ரோல் ரூம் நாற்காலியை இன்னும் ரெண்டு பேர் கேக்குறாங்க. நான் உங்களுக்காகத்தான் பிடிச்சு வச்சிருக்கேன். எத்தனை நாள் பிடிக்க முடியும், சொல்லுங்க?"

அன்று மதியம் லிஃப்ட்காரர் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தார். பக்கத்து மேசையிலிருந்து டைப்பிஸ்ட் அக்கா எட்டிப் பார்த்தாள். தட்டச்சு இயந்திரத்தோடு சேர்த்து இங்கே அனுப்பப்பட்டவள் அவள்; இயந்திரத்தைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள், அவள் மட்டும் தேறாமல் இருக்கிறாள்.

"அண்ணே, முதல்ல சாப்பிடுங்க. இதுக்குப் போயா மூஞ்சியத் தொங்கப்போடுறீங்க? கடைசியா ஒரு வரி சேருங்க. எண்டர் தட்டுற வரைக்கும் காத்திருன்னு அதுக்குச் சொல்லிட்டா, அது பாட்டுக்கு நிக்கும்."

"ஒரே வரியா?"

"ஒரே வரி. என் நாத்தனார் மக பள்ளிக்கூடத்துல முதல் நாளே சொல்லிக் குடுத்துட்டாங்களாம்."

"அப்ப நீங்க ஏம்மா எழுதலை?"

"எழுதுறேன்னு சொன்னேன். பாடத்திட்டத்துல இல்லாததைப் பேசுறேன்னு இயக்குநர் ஒரு மணி நேரம் திட்டினாரு. நீங்க புதுசு. உங்களையும் ஒரு தடவை திட்டட்டுமே, என்ன குறைஞ்சு போச்சு?"

வரியை அவள் சொல்லச் சொல்ல இவர் தட்டினார். ஓட விட்டார். கறுப்பு ஜன்னல் திறந்தது.

*வணக்கம்.*
*முடிக்க எண்டர் தட்டவும்.*

நின்றது. லிஃப்ட்காரர் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். அப்படியே நின்றது. பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து வந்தார்கள். காட்சி அதிகாரி ஓடி வந்து மூக்கு திரையில் முட்டுகிற அளவுக்குக் குனிந்து, எழுத்தெழுத்தாகப் படித்தார். "கண்டேன்" என்றார். பேனாவை எடுத்தால் மை காய்ந்து போயிருந்தது. முடிவு அதிகாரியின் பேனாவை இரவல் வாங்கி, அந்தப் பதவியில் தம் முதல் கையெழுத்தைப் போட்டார். கூடம் கைதட்டியது.

நிரல் மாறிவிட்டதால் முடிவு அதிகாரியின் பழைய கையெழுத்து செல்லாது என்றார்கள். லிஃப்ட்காரர் தாளை அவரிடம் நீட்டினார்.

"நிரல் முடிஞ்சுதா?" என்றார் அவர்.

"நிக்குது சார்."

"நின்னா எப்படிங்க முடிஞ்சுதுன்னு எழுதுவேன்?"

"அப்ப எண்டர் தட்டிடட்டுமா?"

"தட்டுங்க. தட்டினா மூடிக்கும். மூடிட்டா, காணுற பொருளே இல்லாம அவர் எப்படிக் கண்டதா ஆகும்? ரெண்டு கையெழுத்தும் ஒரே சமயத்துல செல்லுபடியா இருக்கணும். விதி அப்படி."

கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம். லிஃப்ட்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தட்டப்போன விரலை இழுத்துக்கொண்டார். தட்டினால் நாற்காலி போய்விடும், தட்டாவிட்டால் வராது.

இயக்குநர் வந்தார். லிஃப்ட்காரரைத் திட்டவில்லை. மாறாக, உணர்ச்சிவசப்பட்டுவிட்டார்.

"முடிந்தும் இருக்க வேண்டும், இருந்தும் முடிந்திருக்க வேண்டும். இது நடக்காத காரியம் என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். நான் கேட்கிறேன், ஏன் நடக்காது? இந்த நிலையத்தையே பாருங்கள்! இதன் வேலை முடிந்து எத்தனையோ காலம் ஆகிறது. மூடினோமா? விளக்கை அணைத்தோமா? யாராவது வந்து பார்ப்பார்கள் என்று அன்று திறந்த ஜன்னலை இன்றுவரை திறந்தே வைத்திருக்கிறோம். நம்மால் முடிகிறது. ஒரு சாதாரண நிரலால் முடியாதா?"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

பிறகு சட்டச் சிக்கலை எடுத்தார்கள். காட்சி அதிகாரி கண்டு கையெழுத்திட்டதால் அந்த ஜன்னல் இப்போது நிலையத்தின் சொத்து. லிஃப்ட்காரர் அதன் எண்டரைத் தொடக் கூடாது. முடிவு அதிகாரிக்கு முடிந்ததைச் சான்றளிக்கத்தான் உரிமை, முடித்து வைக்க உரிமையில்லை. இயக்குநரோ, "நான் எதையும் தொடங்கி வைக்கிறவன், முடித்து வைக்கிறவன் அல்ல" என்று கையை விரித்துவிட்டார். எண்டர் தட்டும் அதிகாரம் யாருக்கு என்று கேட்டு மேலிடத்துக்கு எழுதிப் போட்டார்கள்.

டைப்பிஸ்ட் அக்காதான் ஒரு நல்லதைக் கண்டுபிடித்துச் சொன்னாள். "அண்ணே, தேர்வு நடந்துக்கிட்டிருக்கிறப்ப யாரையும் வேலையை விட்டு எடுக்கக்கூடாது. ஜன்னல் திறந்திருக்கிற வரைக்கும் உங்க தேர்வு நடக்குது. அந்த நாற்காலியில வேற யாரும் உக்கார முடியாது."

"மூடிக்கிட்டா?"

"ரெண்டு கையெழுத்து இல்லாம மூடிக்கிட்டா, தேறலை. பூச்செண்டுதான்."

அன்று முதல் லிஃப்ட்காரர் அந்த ஜன்னலுக்குக் காவல் உட்கார்ந்தார். விசைப்பலகையின் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்தார். சுவரில் பிளக் பிடுங்கிக்கொள்ளாமல் கயிற்றால் கட்டினார். ஒருநாள் திரை தானே இருண்டுபோய், அவர் போட்ட கூச்சலில் நூலகர் நாற்காலியோடு விழுந்தார். ஒன்றும் ஆகவில்லை, சும்மா விட்டால் திரை தூங்கிவிடுமாம், மவுஸை அசைத்தால் விழித்துக்கொள்ளுமாம். அதற்காக மவுஸ் அசைப்பாளர் என்று ஒரு பதவி ஏற்படுத்தித் தோட்டக்காரரை நியமித்தார்கள். செடிகள் வாடின. அவர் முகம் மலர்ந்தது.

மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? ஆளாளுக்கு அந்த ஒரு வரியைச் சேர்த்தார்கள். டைப்பிஸ்ட் அக்காவும் சேர்த்தாள். கூடம் முழுக்கக் கறுப்பு ஜன்னல்கள், வரிசை வரிசையாக 'வணக்கம்' சொல்லிக்கொண்டு, யாராவது தட்டுவார்களா என்று காத்திருந்தன. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு மனிதர், யாரும் தட்டிவிடக் கூடாதே என்று காத்திருந்தார்.

சாப்பாடு கொண்டுவந்த மனைவி இந்தக் காட்சியைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள். "என்னங்க இது, எல்லாரும் ஐ.சி.யூ. வாசல்ல உக்காந்திருக்கிற மாதிரி?"

"மெதுவாப் பேசு. அசைஞ்சிடப் போகுது."

"சம்பளம் வருது, சரி. ஆனா உங்க முதுகைப் பாருங்க, கேள்விக்குறி மாதிரி வளைஞ்சு கிடக்கு. ராத்திரி தூக்கத்துல 'தட்டாதே, தட்டாதே'ன்னு என் கையைப் பிடிச்சுக்கிறீங்க." தண்ணீர்ப் பாட்டிலை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தாள். "அதுக்குக்கூட ஒருத்தர் தட்டினா விடுதலை உண்டு. உங்களுக்கு?"

அவர் விசைப்பலகைமேல் கவிழ்த்திருந்த தட்டைச் சரியாக நகர்த்தி வைத்தார்.

மேலிடத்திலிருந்து பதில் வரவில்லை. ஆய்வாளர் அம்மாளே வந்துவிட்டார். நரைத்த தலை, தோளில் ஒரு துணிப்பை, நடையில் அவசரம். இந்த நிலையம் தேவையா இல்லையா என்று பார்த்துவிட்டுப் போகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இயக்குநர் வாசலில் நின்று வரவேற்புரையைத் தொடங்கினார். அந்த அம்மாள் அது முடியும் என்று சற்று நேரம் காத்திருந்து பார்த்தார். பிறகு அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

முதல் மேசை லிஃப்ட்காரருடையது. அவர் மரியாதைக்காக எழுந்து நின்ற நேரம். அந்த அம்மாள் குனிந்து திரையைப் பார்த்தார்.

"வணக்கம்" என்று படித்தார். "முடிக்க எண்டர் தட்டவும்." விசைப்பலகையின் மேல் தட்டு ஏன் கிடக்கிறது என்று யாரையும் கேட்கவில்லை, எடுத்து ஓரமாக வைத்தார்.

"அம்மா! வேண்டாம்மா!"

தட்டிவிட்டார். ஜன்னல் மூடிக்கொண்டது.

தோட்டக்காரர் பிடித்திருந்த மவுஸை அசைத்து அசைத்துப் பார்த்தார். லிஃப்ட்காரர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "போச்சும்மா" என்றார். "என் வேலை போச்சு."

"ஏன், என்ன ஆச்சு?"

முடிவு அதிகாரி விதியை எடுத்துச் சொன்னார். காட்சி அதிகாரி இடையிடையே திருத்தினார். அந்த அம்மாள் இருவரும் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டார்.

"வணக்கம்னு சொன்னுச்சு, கண்டேன். தட்டச் சொன்னுச்சு, தட்டினேன். என் கண்ணெதிர்லதான் முடிஞ்சுது. கண்டதும் நான், முடிச்சதும் நான். இன்னும் யாரைக் கேக்கணும்?"

"ஆனா உங்களுக்குத் தட்டுற அதிகாரம்..." என்று இழுத்தார் இயக்குநர்.

"எழுதியிருந்துது, தட்டினேன். படிக்கத் தெரிஞ்சவங்க யாரா இருந்தாலும் தட்டியிருப்பாங்க." தாளை வாங்கி இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டு லிஃப்ட்காரர் கையில் கொடுத்தார். "எந்திரிங்க அண்ணே. முதல்ல முதுகை நிமிர்த்துங்க. அடுத்தது யாரு?"

அந்த அம்மாள் வரிசையாகப் போய்ப் படித்தார், தட்டினார், கையெழுத்திட்டார். ஜன்னல் ஒவ்வொன்றாக மூட மூட, மனிதர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். தன் முறை வந்தபோது டைப்பிஸ்ட் அக்கா, "ஒரு நிமிஷம்மா" என்று சொல்லித் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். மதியத்துக்குள் கூடம் காலி. நிலையத்தை மூடிவிடலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அந்த அம்மாள் பஸ் பிடிக்கப் போனார்.

அப்படியானால் மூடிவிட்டார்களா என்று கேட்பீர்கள். உங்கள் நல்ல மனசு அப்படி. இயக்குநர் அன்றைக்கே மேலிடத்துக்கு எழுதிவிட்டார்: அதிகாரமில்லாத ஒருவர் நிலையத்தின் சொத்தான ஜன்னல்கள் அனைத்தையும் ஒரே காலையில் மூடிவிட்டார், இதை விசாரிக்காமல் நிலையத்தை மூடுவது முறையாகாது. நியாயம்தான் என்று மேலிடத்திலும் யாரோ ஒருவருக்குப் பட்டது. விசாரணை முடியும்வரை நிலையம் திறந்திருக்கலாம் என்று உத்தரவு வந்தது. விசாரணை ஆணையமும் நிலையமே.

முதல் சாட்சியாக லிஃப்ட்காரரை அழைத்தார்கள். கண்ட்ரோல் ரூம் சீருடையில், பாதி நாள் விடுப்பில் வந்திருந்தார் அவர். நீளமான மேசைக்குப் பின்னால் இயக்குநர். ஒருபக்கம் காட்சி அதிகாரி, மறுபக்கம் முடிவு அதிகாரி. தோட்டக்காரர் ஓரத்தில் நின்று, வெற்று மேசையில் மவுஸை அசைத்துக்கொண்டிருந்தார்.

"சம்பவத்தை நேரில் கண்டீர்களா?" என்றார் காட்சி அதிகாரி.

"கண்டேன் சார்."

"அப்போது முடிந்துவிட்டதா?" என்றார் முடிவு அதிகாரி.

லிஃப்ட்காரர் மூவரையும் பார்த்தார். கோபமெல்லாம் அவருக்கு எப்போதோ வடிந்திருந்தது. தினம் லிஃப்டுக்குள் மாடி தெரியாமல் தடுமாறி நிற்கிறவர்களிடம் கண்ட்ரோல் ரூம் மைக்கில் பேசுகிற அதே குரலில் சொன்னார்:

"எனக்கு முடிஞ்சுது சார். நான் கிளம்புறேன். நீங்க எத்தனாவது மாடிக்குப் போகணும்?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதை முடிவுசெய்யத் தங்களுக்கு அதிகாரம் இல்லை என்று குறித்துக்கொண்டு, விளக்கம் கேட்டு மேலிடத்துக்கு எழுதினார்கள்.